ஓட்டிசம் உள்ள பிள்ளையின் முன்னேற்றத்தை வீட்டிலேயே பதிந்து வைப்பது எப்படி? கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

காலையிலேயே போய் இலக்கம் எடுத்து, பிள்ளையை வராந்தாவில் அங்கும் இங்கும் நடத்தி, ஒருவழியாகக் கிளினிக் அறைக்குள் நுழைந்ததும் டொக்டர் கேட்பார்: "போன முறைக்கு இப்ப எப்படி?" நாங்கள் சொல்வோம்: "பரவாயில்லை டொக்டர், கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு." சில மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் அந்தப் பத்து நிமிடமும் இப்படியே போய்விடும். "பரவாயில்லை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த டொக்டராலும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தெரப்பியை மாற்றுவதா தொடர்வதா என்றும் முடிவெடுக்க முடியாது.

பிள்ளையைப் பார்த்தால் அவருக்கே தெரியாதா என்று கேட்கலாம். பாதிதான் தெரியும். புது இடம், புது முகம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் சேர்ந்து சில பிள்ளைகள் கிளினிக்கில் கல்லாகிவிடும். சில பிள்ளைகள் வீட்டில் ஒருநாளும் ஆடாத ஆட்டம் ஆடும். சாப்பாடு, நித்திரை, குளிப்பு, கடைக்குப் போவது, தம்பி தங்கையோடு இருப்பது எல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும். அதனால்தான் ஓட்டிசம் தொடர்பான மதிப்பீடுகள் பலவும் பெற்றோரின் வாயிலிருந்து வரும் தகவலை நம்பியே அமைந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் எங்கள் ஞாபகம். நேற்றிரவு பிள்ளை இரண்டு மணி வரை தூங்காமல் இருந்திருந்தால், போன மூன்று மாதமும் மோசம் என்றே வாயில் வரும். காலையில் ஒரு முத்தம் தந்திருந்தால் எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும்.

இது ஓட்டிசம் என்று அண்மையில்தான் சொல்லப்பட்ட அல்லது தெரப்பி தொடங்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கானது. பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்று வீட்டில் இருந்து முடிவுகட்ட இது உதவாது. அந்தச் சந்தேகம் இருந்தால் குடும்பநல மாதுவிடமோ, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். அங்கிருந்து பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள்.

1. கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஃபோனில் எழுதிப் பழகியவர்கள் அப்படியே எழுதலாம். ஆனால் அம்மம்மாவும் எழுதப்போகிறார் என்றால் குசினி மேசையில் பேனையோடு கிடக்கும் கொப்பிதான் சரி. முதற்பக்கத்தில் பிறந்த திகதி, என்னென்ன சிகிச்சைகள், எப்போது தொடங்கின, என்ன மருந்து, எந்த அளவு, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று எழுதிவிடுங்கள்.

பிள்ளை பிறந்ததும் தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் தேடி எடுங்கள். நிறை போடுவதற்கும் ஊசிக்கும் மட்டும் திறக்கும் புத்தகமாக அது மாறிவிட்டது. ஆனால் எந்த வயதில் என்ன செய்யத் தொடங்கியது என்று குறிக்கும் பக்கங்களும் அதில் உண்டு. அவை வெறுமையாகக் கிடந்தால் பழைய ஃபோன் வீடியோக்களைப் பாருங்கள். முதலாவது பிறந்தநாள் வீடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்ததா, எதையாவது விரலால் சுட்டியதா என்பதைத் திகதியோடு காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தெரப்பி இன்னும் தொடங்கவில்லை என்றால், தொடங்குவதற்கு முந்திய இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் சும்மா கவனித்து எழுதுங்கள். எதிலிருந்து முன்னேறியது என்று பிறகு காட்ட வேண்டுமே! ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் கவலை வேண்டாம்; இன்றைய நிலையையே தொடக்கமாக எழுதுங்கள்.

2. மூன்றே மூன்று விடயங்கள்

புதிதாக எழுதத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் எழுதுவார்கள். பத்தாம் நாள் கொப்பி மூடப்படும். மூன்று விடயங்களுக்கு மேல் வேண்டாம்.

ஒன்று, தெரப்பி மிஸ் இப்போது எதில் வேலை செய்கிறாரோ அது. இரண்டு, உங்கள் வீட்டின் நிம்மதியைத் தீர்மானிப்பது எதுவோ அது: நித்திரையாக இருக்கலாம், கழிப்பறையாக இருக்கலாம், தலையை இடிப்பதாக இருக்கலாம். மூன்றாவதை, பிள்ளை விரும்பிச் செய்யும் ஏதாவதொன்றாக வையுங்கள்: யாரோடாவது சேர்ந்து விளையாடுவது, பாட்டுக்கு ஆடுவது, படம் கீறுவது. குறைகளை மட்டும் எண்ணினால் கொப்பி ஒரு குற்றப்பத்திரிகை ஆகிவிடும், எழுதுபவருக்கும் வெறுத்துப்போகும்.

கையை அசைப்பது, கால்விரலில் நடப்பது, கார்களை வரிசையாக அடுக்குவது போன்றவற்றை எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கோ மற்றவருக்கோ காயமில்லை, சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் தடையில்லை என்றால் அதை விட்டுவிடலாம். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரிப் பார்ப்பதெல்லாம் சிகிச்சைக்கான இலக்கு ஆகாது. கால்விரல் நடை தொடர்ந்து இருந்தால் மட்டும் டொக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். தசைநார் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

3. கண்டதை எழுதுதல்

பெற்றோர் எழுதுவதில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "இண்டைக்குப் பிடிவாதம்", "கவனமே இல்லை", "நல்ல மூட்" என்பதெல்லாம் எங்கள் தீர்ப்பு. பக்கத்தில் நின்ற இன்னொருவரும் அதே நொடியில் அதையே எழுதியிருப்பாரா என்று கேட்டுப்பாருங்கள். "கவனமே இல்லை" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். "பெயரை ஐந்து தடவை கூப்பிட்டேன், ஒருமுறை திரும்பியது, ரீவி ஓடிக்கொண்டிருந்தது" என்பதை எல்லாரும் ஒரேமாதிரித்தான் எழுதுவார்கள்.

அளப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. விடயத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை தடவை என்று எண்ணுவது ஒன்று. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது இன்னொன்று. அழுகை, நித்திரை, மேசையில் இருப்பது எல்லாம் நேரத்தால் அளக்க வேண்டியவை. ஒரு நாளில் இரண்டு தடவை அழுதது என்றால் அது இரண்டு நிமிடமா இரண்டு மணித்தியாலமா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று எழுதுவது. உடுப்புப் போடுதல், பல் தீட்டுதல், கை கழுவுதல், சோற்றைப் பிசைந்து தானே சாப்பிடுதல் போன்றவற்றில் "செய்கிறது, செய்யவில்லை" என்ற இரண்டுக்குள் மாதக்கணக்கான முன்னேற்றம் ஒளிந்து கிடக்கும். இப்படி எண் கொடுங்கள்: கையைப் பிடித்துச் செய்வித்தால் 0, முழங்கையைத் தொட்டுத் தொடக்கிவிட்டால் 1, கையால் காட்டினால் 2, வாயால் சொன்னாலே செய்தால் 3, யாரும் ஒன்றும் சொல்லாமல் தானாகச் செய்தால் 4. ஜனவரியில் 0, மார்ச்சில் 2 என்று இருந்தால் பிள்ளை இன்னும் தானாகக் கை கழுவவில்லை. ஆனால் எதுவும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

4. இலக்கை ஏணியாக எழுதுதல்

1968இல் தோமஸ் கிரெசுக், றொபர்ட் ஷேர்மன் என்ற இருவர் மனநல சேவைகளுக்காக ஒரு முறையை அமைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்காமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்கை ஐந்து படியாக முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அது. இன்று சிறுவர் தெரப்பியில் இது பரவலாகப் பயன்படுகிறது. வீட்டிலும் செய்யலாம், காசு செலவில்லை.

தண்ணீர் கேட்பது இலக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நிலையை -2 என்று எழுதுங்கள்: அழுதுகொண்டு அம்மாவின் கையை இழுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோகிறது. -1: போத்தலைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் விரலால் சுட்டுகிறது. 0 என்பது மூன்று மாதத்தில் நியாயமாக எதிர்பார்ப்பது: தானாகப் படத்தையோ போத்தலையோ எடுத்துத் தருகிறது, அல்லது "தண்ணி" என்கிறது, கேட்கும் தடவைகளில் அரைவாசியிலாவது. +1: அம்மாவிடம் மட்டுமல்லாமல் அப்பாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்கிறது. +2: முன்பள்ளியிலும் டீச்சரிடம் கேட்கிறது.

கடைசி இரண்டு படிகளைக் கவனியுங்கள். தெரப்பி அறையில் ஒரு மிஸ்ஸிடம் மட்டும் செய்வதை வெளியே இன்னொருவரிடம் செய்யாமல் இருப்பது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. தெரப்பி நிலையத்தின் அறிக்கையில் இலக்கு முடிந்துவிட்டது என்று இருக்கும். வீட்டில் ஒன்றுமே தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை. எங்கே, யாரிடம் என்பதை ஏணியில் எழுதியிருந்தால் இந்தச் சண்டை வராது. ஏணியை மிஸ்ஸோடு இருந்தே எழுதுங்கள். நாங்கள் தனியாக எழுதினால் ஒன்றில் ஆசைக்கு எழுதுவோம், இல்லாவிட்டால் பயத்துக்கு எழுதுவோம்.

5. குழப்படி நடந்தால்: முன், நடந்தது, பின்

அழுகை, அடித்தல், கடித்தல், தலையை இடித்தல் போன்றவற்றை எண்ணினால் மட்டும் போதாது. மூன்று நிரல் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே அதற்குப் பிறகு என்ன நடந்தது.

ஓர் உதாரணம். வெள்ளவத்தையில் இருக்கும் குடும்பம். பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போகிறார்கள். பிள்ளைக்கு ரயில் என்றால் உயிர். கொப்பியில் இப்படி இருக்கிறது:

முன்: ரயில் போய் முடிந்தது, "வீட்ட போவம்" என்றேன். நடந்தது: நிலத்தில் இருந்து பின்தலையை இடித்தான், ஆறு நிமிடம். பின்: அடுத்த ரயில் வரும்வரை நின்றோம், அமைதியானான்.

இதேபோல நாலைந்து பதிவு சேர்ந்ததும் விடயம் வெளிக்கும். தலையை இடித்தால் அடுத்த ரயில் கிடைக்கும் என்பதைப் பிள்ளை படித்துவிட்டது. பிள்ளையிடம் வேறு சொல் இல்லை. இருக்கும் ஒரே வழியால் கேட்கிறது. இப்போது மிஸ்ஸிடம் "சரியான குழப்படி" என்று சொல்லாமல், இந்தப் பக்கத்தைக் காட்டலாம். "இன்னும் ஒண்டு" என்று சொல்லவோ, சைகையால் காட்டவோ, ஒரு படத்தைத் தரவோ பழக்கலாம். இரண்டு ரயில் பார்த்துவிட்டுப் போவது என்று வீட்டிலேயே படம் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பலாம். பிறகு அதே மூன்று நிரலை இன்னும் இரண்டு கிழமை எழுதினால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பழக்கத்துக்கு நாங்கள் இடம் கொடுப்பதை நிறுத்தினால், முதல் சில நாட்களில் அது குறைவதற்குப் பதிலாகக் கூடும். அது தெரியாமல் மூன்றாம் நாளே கைவிடுபவர்கள் அதிகம். தலையை இடிப்பது போன்ற ஆபத்தானவற்றில் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். தெரப்பிஸ்டின் திட்டத்தோடுதான் செய்ய வேண்டும்.

முன் நிரலில் சத்தம், பசி, மலச்சிக்கல், பல்வலி, காது வலி ஆகியவற்றையும் பாருங்கள். சொல்லத் தெரியாத பிள்ளை திடீரென்று காதில் அடித்துக்கொண்டால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும்.

6. எந்த மொழியில் எண்ணுவது?

கொழும்பில் இது தனிப் பிரச்சினை. வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், ஆயாவோடும் கடைக்காரரோடும் சிங்களம். தமிழில் பேச்சுச் சிகிச்சை தருபவர்கள் குறைவு என்பதால் தெரப்பி பல வீடுகளுக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கிறது. மிஸ் ஒரு மொழிச் சொற்களை எண்ணுவார், அம்மம்மா இன்னொரு மொழிச் சொற்களை எண்ணுவார்; இரண்டும் சேராது.

எல்லா மொழிச் சொற்களையும் ஒரே பட்டியலில் எழுதி, பக்கத்தில் எந்த மொழி என்று ஓர் எழுத்தால் குறித்துவிடுங்கள். "பால்", "மில்க்", "கிரி" மூன்றையும் சொல்லும் பிள்ளை மூன்று சொல் சொல்கிறது. இரண்டு மூன்று மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பின்தங்குகிறது என்று இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே அம்மம்மாவைத் தமிழில் பேசாதே என்று தடுக்கத் தேவையில்லை.

இன்னொரு பிரிப்பு இதைவிட முக்கியம். யூடியூப் காட்டூனில் வரும் ஆங்கில வசனத்தை முழுசாக ஒப்புவிக்கும் பிள்ளை, பசித்தால் "சோறு" என்று கேட்காது. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் பேச்சு நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். தேவைக்காகத் தானாகச் சொன்ன சொல் ஒரு பக்கம், திருப்பிச் சொன்னது மறுபக்கம் என்று எழுதுங்கள். திருப்பிச் சொல்வதும் வீண் இல்லை. குளிக்கப் போகும்போது மட்டும் காட்டூனின் மழைப் பாட்டைப் பாடுகிறது என்றால் அது ஏதோ சொல்ல வருகிறது. அப்படியானவற்றுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

7. யார் எழுதுவது?

ஒரே விடயத்தை ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுதுவது நல்லது. இராச் சாப்பாட்டை அம்மா, முன்பள்ளியை டீச்சர் வாரம் ஒரு வரி, பின்னேர விளையாட்டை அம்மம்மா. அம்மம்மா எழுதமாட்டார் என்றால் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடச் சொல்லுங்கள். அப்பா கட்டாரிலோ லண்டனிலோ இருந்தால் அவருக்கும் வேலை உண்டு: மாதம் ஒருமுறை அனுப்பும் வீடியோவை அவர் தனியாகப் பார்த்து ஏணியில் எத்தனையாம் படி என்று சொல்லட்டும். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதது தூரத்துக் கண்ணுக்குப் படும்.

எவ்வளவு உதவி தேவை என்பதற்கு அம்மா 3 என்கிறார், டீச்சர் 1 என்கிறார் என்றால் யாரும் யாரையும் திருத்த வேண்டாம். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். வீட்டில் கேட்க முதலே அம்மா எடுத்துக் கொடுக்கிறாரோ, முன்பள்ளியில் இருபது பிள்ளைகளின் சத்தமோ, ஏதோ காரணம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் அடுத்த இலக்கைக் காட்டும்.

8. கிளினிக்கில் தரும் படிவங்கள்

இவற்றின் பெயர்கள் ஒரே நாளில் காதில் விழும்போது தலை சுற்றும். ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு.

எம்-சாட் ஆர் என்பது 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கான 20 கேள்விகள். இன்னும் ஆராய வேண்டிய பிள்ளை யார் என்று வடிகட்டுவதற்கானது. முன்னேற்றம் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நிரப்புவதில் அர்த்தமில்லை. கார்ஸ் என்பது ஓட்டிசம் எந்தளவுக்கு இருக்கிறது என்று பார்ப்பதற்கு; 15 விடயங்களைக் கொண்டது, பயிற்சி பெற்றவர் பார்த்துப் புள்ளியிடுவது. உங்களிடம் கேள்வி கேட்பார்கள், புள்ளி போடுவது அவர்கள்.

ஏடெக் என்பது மாற்றத்தைப் பார்க்கப் பெற்றோரே நிரப்புவது. பேர்னாட் ரிம்லண்ட், ஸ்டீபன் எடெல்சன் இருவரும் அமெரிக்காவின் ஓட்டிசம் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1999இல் உருவாக்கினார்கள், இலவசம். ரிம்லண்ட் தானே ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். 77 கேள்விகள், நான்கு பகுதிகள்: பேச்சும் தொடர்பாடலும், பழகுதல், புலன்களும் அறிதலும், உடல்நலமும் நடத்தையும். மொத்தப் புள்ளி 0 முதல் 179 வரை. குறையக் குறைய நல்லது. பரீட்சைப் புள்ளி பார்த்துப் பழகிய எங்களுக்கு இது தலைகீழ். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். உடல்நலப் பகுதி மட்டுமே 75 புள்ளி வரை போகும். மலச்சிக்கலும் நித்திரையும் சரியானால் மொத்தம் நன்றாக இறங்கும். பேச்சு அப்படியே நிற்கும். நான்கு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஆள், முந்திய தாளைப் பார்க்காமல் நிரப்ப வேண்டும்.

வைன்லாண்ட் என்பது அன்றாட வாழ்க்கைத் திறன்களைப் பற்றியது. தெரப்பிஸ்ட் உங்களிடம் பேட்டி எடுப்பார். இதில் பலர் மனமுடைந்து போவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளையின் திறனை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் கடைசிப் புள்ளி வரும், சராசரி 100. ஒரு வருடத்தில் உங்கள் பிள்ளை பத்துப் புதிய திறன்களைப் பழகியிருக்கலாம். மற்றப் பிள்ளைகள் அதே வருடத்தில் இருபது பழகியிருந்தால் உங்கள் பிள்ளையின் புள்ளி குறைந்திருக்கும். பிள்ளை பின்னோக்கிப் போனது என்று அதற்குப் பொருள் இல்லை. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடமுதல் வரும் எண்தான் மூலப் புள்ளி. "மூலப் புள்ளி எவ்வளவு, போனமுறை எவ்வளவு?" என்று கேளுங்கள். அது கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்விகள் எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாமலும் இருக்கும். கரண்டி, முள்ளுக்கரண்டி பற்றிக் கேட்கும். எங்கள் பிள்ளை கையால் சாப்பிடும். "இல்லை" என்று போட்டுவிட்டுப் போகாமல் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். விளங்காத கேள்விக்கு உதாரணம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவரைத்தான் தாய்மாரின் எம்-சாட் பதில்கள் காட்டிக்கொடுத்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதே குழுவினர் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு மதிப்பீட்டை உருவாக்கினார்கள். "கண்ணைப் பார்க்குமா?" என்று கேட்டால் எந்தத் தாயும் "பார்க்கும்" என்றுதான் சொல்லுவார், எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் பதில் வேறாகும்.

9. எங்கள் ஆசை எண்ணை வளைக்கும்

1990களின் கடைசியில் செக்ரெட்டின் என்ற குடல் ஹோர்மோன் ஊசி ஓட்டிசத்தைக் குணமாக்குகிறது என்று அமெரிக்காவில் பெரிய பரபரப்பு. 1999இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 60 பிள்ளைகளில் ஒரு பாதிக்குச் செக்ரெட்டின், மறுபாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரேயளவு முன்னேற்றம் பதிவானது. முடிவைச் சொன்ன பிறகும் 69 வீதமான பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வமாகவே இருந்தார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. பிள்ளைக்கு ஏதோ கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பே கண்ணை மாற்றிவிடும்.

அதோடு, பிள்ளைகள் சும்மாவும் வளர்கிறார்கள். ஏடெக் நிரப்பிய பெரும் எண்ணிக்கையான பெற்றோரின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், காலம் போகப்போகப் புள்ளி சராசரியாக இறங்குவது தெரிந்தது. சிறு வயதில் இன்னும் வேகமாக. ஆகவே புது எண்ணெய், புது டயட், புது மாத்திரை எதைத் தொடங்கினாலும் மூன்று மாதத்தில் "பலன்" தெரியத்தான் செய்யும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய திகதியில் கொப்பியில் சிவப்புக் கோடு போடுங்கள். உணவு கட்டுப்பாடோ மாற்று மருந்தோ தொடங்கமுதல் டொக்டரிடம் சொல்லுங்கள். குணமாக்கித் தருகிறேன் என்று சொல்லிக் காசு கேட்பவரிடம், எதை எப்படி அளந்து காட்டுவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். கதை அங்கேயே முடியும்.

கலண்டரையும் கொப்பிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏப்ரல் விடுமுறை, தீபாவளி வெடி, வெசாக் சனக்கூட்டம், நோன்பு மாதத்தில் மாறும் சாப்பாட்டு நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர், காய்ச்சல், வீடு மாறுதல் எல்லாம் எண்களை ஆட்டும். ஒரு கெட்ட கிழமையை வைத்துத் தெரப்பியை நிறுத்தக் கூடாது, ஒரு நல்ல கிழமையை வைத்து வெற்றி கொண்டாடவும் கூடாது.

10. கிளினிக்குக்கு ஒரு பக்கம்

கொப்பியை முழுசாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். முதல்நாள் இரவு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மூன்று இலக்கும் போனமுறை எந்தப் படி, இப்போது எந்தப் படி, மாறிய மருந்தும் தெரப்பியும், நித்திரை, சாப்பாடு ஒரு வரி, கேட்க வேண்டிய இரண்டு கேள்வி. டொக்டருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் தெரிந்த யாரையாவது கொண்டு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுவியுங்கள். எண்கள் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

அதோடு ஒரு நிமிட வீடியோ இரண்டு. ஒன்று நல்ல நேரத்தில், ஒன்று கஷ்டமான நேரத்தில். மாதாமாதம் அதே இடம், அதே வேலை. இராச் சாப்பாடு இதற்கு நல்லது. பிள்ளை குளிக்கும், உடுப்பு மாற்றும் வீடியோ வேண்டாம். எந்த வீடியோவையும் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். பிள்ளை ஒருநாள் வளர்ந்துவிடும்; அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை.

11. எண் அசையவில்லை என்றால்

மூன்று மாதம் ஒரே படியில் நின்றால் பிள்ளையையோ உங்களையோ நொந்துகொள்ள முதல் இலக்கைப் பாருங்கள். படி பெரிதாக இருக்கலாம். அதைப் பாதியாக வெட்டுங்கள். தெரப்பி கிழமைக்கு ஒரு மணித்தியாலம், அதிலும் பாதி நாள் விட்டுப்போகிறது என்றால் வீட்டில் செய்யப் பத்து நிமிட வேலை கேளுங்கள். "இந்த இலக்கு எந்த மாதத்துக்குள் அசையவேண்டும், அசையாவிட்டால் எதை மாற்றுவீர்கள்?" என்ற கேள்விக்கு நல்ல தெரப்பிஸ்ட் கோபிக்க மாட்டார்.

சில விடயங்களுக்கு அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைவது, நடந்த பிள்ளை தடுமாறுவது, சில நொடிகள் வெறித்துப் பார்த்துக் கூப்பிட்டாலும் தட்டினாலும் திரும்பாமல் இருப்பது, உடம்பு வெட்டி இழுப்பது. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதுண்டு. முடிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே டொக்டரிடம் போங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வீடியோவை விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

ஒரு இலக்கு +1இல் ஒரு மாதம் நின்றால் அதை எண்ணுவதை நிறுத்திவிட்டு அடுத்ததை எடுங்கள். மூன்று என்ற கணக்கு மாற வேண்டாம். தினமும் எழுதுவது பாரமானால் கிழமையில் இரண்டு நாளைக் குறித்து அந்த நாட்களில் மட்டும் எழுதினாலும் போதும், நாட்களை மட்டும் மாற்றாதீர்கள். முதலாம் தரத்தில் சேர்க்கும்போது புது டீச்சருக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்: எதைக் கண்டால் பயம், பயந்தால் என்ன செய்தால் ஆறும், எப்படித் தண்ணீர் கேட்கும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டும்.